குனிந்தால் தெரியும் நெளிவு

மார்பில் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்ட பெண் நிமிர்ந்து நின்றால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கீழே விழுந்ததை எடுக்கக் குனியும்போதுதான் தெரியும். மார்பின் மேல்பக்கத்திலோ, இரண்டு மார்புக்கும் நடுவிலோ, அக்குளை ஒட்டிய ஓரத்திலோ தோலுக்கடியில் வரி வரியாக மேடு எழும். தடவினால் மடிப்பு விரலில் தட்டும். மருத்துவர்கள் இதை ரிப்ளிங் என்கிறார்கள். நெளிவு என்று இங்கே எழுதுகிறேன். உயிருக்கு ஆபத்து இல்லை. வலியும் பொதுவாகக் கிடையாது. ஆனால் முதல் ஆபரேஷனில் வந்த குறையைச் சரிசெய்ய இரண்டாம் முறை மேசையில் படுத்து எழுந்த பெண், மூன்று மாதம் கழித்து இந்த வரிகளைப் பார்த்தால், "இது ஒன்றுமில்லை" என்ற பதில் அவருக்குப் போதாது.

காரணம் எளிது. உள்ளே இருப்பது ஒரு பை. பாதி நிரம்பிய தண்ணீர் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்தால் மேல்பக்கம் சுருங்கி மடிகிறதே, அதுதான் அங்கேயும் நடக்கிறது. எந்தப் பையும் கொஞ்சமாவது மடியும். மடிப்பை வெளியே காட்டாமல் வைப்பது மேலே இருக்கும் சதைதான்: தோல், கொழுப்பு, பால்சுரப்பி, சிலருக்கு நெஞ்சுத் தசை. மேற்சதை தடிமனாக இருந்தால் மடிப்பு உள்ளேயே அடங்கிவிடும். மெலிந்திருந்தால் வெளியே வந்துவிடும். கடந்த 60 ஆண்டுகளில் இந்தப் பை பலமுறை மாறியிருக்கிறது. நெளிவைப் போக்க வேண்டும் என்று மாறிய தருணங்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் வேறு ஏதாவது ஒரு பயம் மாற்றியது. அந்த மாற்றம் நெளிவைக் கூட்டியதோ குறைத்ததோ தற்செயல். இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான்: ஒவ்வொரு காலத்தின் பயத்துக்கும் பெண்ணின் மார்பு ஒரு விலை கொடுத்திருக்கிறது.

இதன் தொடக்கம் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில். ஃபிராங்க் ஜெரோ என்ற இளம் சர்ஜன் ரத்தம் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபோது, அதன் மென்மை அவருக்கு மார்பகத்தை நினைவூட்டியது. அவரும் மூத்தவர் தாமஸ் குரோனினும் டவ் கார்னிங் நிறுவனத்தோடு சேர்ந்து சிலிகான் பை ஒன்றை உருவாக்கினார்கள். முதலில் எஸ்மரால்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். பிறகு 1962ல் ஜெஃபர்சன் டேவிஸ் மருத்துவமனையில் டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண்ணுக்கு. ஆறு பிள்ளைகளின் தாய் அவர். மருத்துவமனைக்கு வந்தது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க. மார்பகத்தைப் பெரிதாக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. வெளியே துருத்திய காதுகளைத்தான் சரிசெய்துகொள்ள விரும்பினார். இரண்டையும் செய்து தருகிறோம் என்றார்கள், ஒத்துக்கொண்டார். இன்று உலகெங்கும் லட்சக்கணக்கில் நடக்கும் ஆபரேஷனின் முதல் நோயாளி, அதைக் கேட்டு வந்தவர் இல்லை.

அந்த முதல் பைகளுக்குத் தோல் தடிமன், உள்ளே இருந்த ஜெல்லும் கெட்டி. கண்ணீர்த்துளி வடிவம், நகராமல் இருக்கப் பின்பக்கம் டேக்ரான் துணிப் பட்டைகள். இப்படிப்பட்ட பை எளிதில் மடியாது. அன்றைய பெண்களின் புகார் வேறு: மார்பு இறுகிக் கல்லாகிவிட்டது. உடலுக்குள் எந்த அந்நியப் பொருள் போனாலும் அதைச் சுற்றி உடல் ஒரு நார்த்திசு உறையைக் கட்டும். இம்ப்ளாண்ட் வைத்த எல்லோருக்கும் அந்த உறை உண்டு. சிலருக்கு அது சுருங்கிப் பையை நெரிக்கத் தொடங்கும். 1975ல் பேக்கர் என்பவர் வகுத்த நான்கு படிநிலைகளை வைத்துத்தான் இன்றும் இந்த இறுக்கத்தை அளக்கிறார்கள்: முதல் படியில் மார்பு மென்மை, நான்காம் படியில் கடினம், வலி, பார்த்தாலே தெரியும் கோணல்.

இந்த இறுக்கத்துக்கு 1970களில் என்ன வைத்தியம் தெரியுமா? மறு ஆபரேஷன் பலருக்கு நடக்கவில்லை. பெண்ணை ஆலோசனை அறையில் உட்காரவைத்து, சர்ஜன் இரு கைகளாலும் மார்பைப் பிடித்து, உள்ளே உறை கிழியும்வரை அழுத்திப் பிழிவார். கிழியும்போது சத்தம்கூடக் கேட்கும் என்று அன்றைய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கத்தி இல்லை, தழும்பு இல்லை, செலவும் குறைவு. பிழிந்த வேகத்தில் பை உடைந்து ஜெல் சதைக்குள் பரவியதுண்டு, ரத்தம் கட்டியதுண்டு, அடுத்த ஆண்டே இறுக்கம் திரும்பியதுண்டு. பிறகு பை தயாரிப்பாளர்களே இதைச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்க, பழக்கம் மெல்ல ஒழிந்தது. இன்று இதைப் படிக்கும்போது பதறுகிறது. ஆனால் அந்த நாளில் அதைச் செய்தவர்கள் கொடூரர்கள் இல்லை; இரண்டாம் ஆபரேஷனைத் தவிர்த்துக் கொடுக்கிறோம் என்றே நம்பினார்கள்.

இறுக்கத்தின் மேல் இருந்த பயம் பையை மாற்றியது. 1970களில் தோல் மெலிந்தது, ஜெல் இளகியது. தொட்டால் இயற்கையாக இருந்தது. ஆனால் மெல்லிய தோல் வழியே ஜெல் கசிந்தது, பைகள் அதிகம் உடைந்தன. 1976ல் மருத்துவக் கருவிகளுக்கான சட்டம் அமெரிக்காவில் வந்தபோது, ஏற்கெனவே சந்தையில் இருந்த பொருள் என்பதால் இம்ப்ளாண்ட் சோதனை இல்லாமலே தப்பித்தது. வழக்குகள் குவிந்தன. 1992 ஜனவரியில் உணவு, மருந்து நிர்வாகத்தின் தலைவர் டேவிட் கெஸ்லர் சிலிகான் ஜெல் பைகளை நிறுத்திவைக்கச் சொன்னார். சில மாதங்களில் தடை ஓரளவு தளர்ந்தாலும், மார்பகத்தை எடுத்தபின் மீட்டுக் கட்டுவது போன்ற தேவைகளுக்கு, ஆய்வுக் கட்டுப்பாட்டோடு மட்டுமே ஜெல் கிடைத்தது. 1995ல் டவ் கார்னிங் திவாலானது. 1999ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் சான்றுகளை அலசி, சிலிகான் பைகள் உடல் முழுவதையும் தாக்கும் நோய்களை உண்டாக்குவதாக ஆதாரம் இல்லை என்றது. அதற்குள் ஒரு தலைமுறை வேறு பைக்குப் போய்விட்டது.

அந்த வேறு பை உப்புநீர்ப் பை. பையின் தோல் சிலிகான்தான். உள்ளே குளுக்கோஸ் பாட்டிலில் வருவது மாதிரியான சலைன். உடைந்தால் தண்ணீர் உடலில் கலந்துவிடும், ஓரிரு நாளில் மார்பு சப்பையாகி விஷயம் தெரிந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீருக்குப் பிடிப்பு கிடையாது. ஜெல் தன் இடத்தில் ஓரளவு நிற்கும். தண்ணீர் கீழே இறங்கும், மேலே காலி விழும், அங்கே பையின் தோல் மடியும். 1992 முதல் 2006 வரை அமெரிக்காவில் அழகுக்காக மார்பைப் பெரிதாக்கிக்கொண்ட பெண்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பைதான். நெளிவு பரவலான புகாரானது இந்தப் பதினாலு ஆண்டுகளில்தான். ஒரு தடை உத்தரவு எத்தனையோ மார்புகளில் வரிகளாக எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை.

அன்றைக்கு நெளிவுக்குச் செய்த மறு ஆபரேஷன்களும் எளிமையானவை. ஒவ்வொரு உப்புநீர்ப் பைக்கும் இத்தனை மில்லி முதல் இத்தனை மில்லிவரை என்று அளவு உண்டு. சர்ஜன்கள் அந்த உச்ச அளவையும் தாண்டி நிரப்பிப் பார்த்தார்கள். மேல்பக்க மடிப்பு குறைந்தது. பை பந்தாக விறைத்தது. விளிம்பில் புதிதாகச் சுருக்குகள் வந்தன. இன்னொரு வழி, இன்னும் பெரிய பையை வைப்பது. தோலை இழுத்து விறைப்பாக்கினால் வரி மறையும் என்ற கணக்கு. சில மாதம் மறையும். பிறகு அந்தப் பெரிய பையின் எடை மேற்சதையை அழுத்தி மெலிதாக்கும். வரி முன்பைவிடத் தெளிவாகத் திரும்பும். நெளிவுக்காகப் பையைப் பெரிதாக்குவது, கடனை அடைக்கப் பெரிய கடன் வாங்குவதுதான். இன்றும் யாராவது இந்த வழியை முதல் தீர்வாகச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

பையின் இடமும் மாறியது. 1960களில் பையைச் சுரப்பிக்குக் கீழே, தசைக்கு மேலே வைத்தார்கள். தசைக்கு அடியில் வைக்கலாம் என்ற யோசனை அந்தப் பத்தாண்டின் முடிவிலேயே வந்தாலும், உப்புநீர்ப் பை வந்த பிறகுதான் அது பெருவழக்கானது. மடிப்பை மறைக்க இன்னொரு அடுக்குச் சதை கிடைக்கிறது அல்லவா? 2001ல் ஜான் டெபெட்ஸ் என்ற டெக்சஸ் சர்ஜன், மேல்பாதி தசைக்கு அடியில், கீழ்ப்பாதி சுரப்பிக்கு அடியில் என்ற இரட்டைத் தள முறையை விவரித்தார். மார்பின் மேற்பகுதியைக் கிள்ளிப் பிடித்து அளந்து, தடிமன் 2 செ.மீ.க்குக் குறைந்தால் தசையின் கீழே போக வேண்டும் என்ற அளவுகோலும் அவரிடமிருந்து பரவியதுதான். கிள்ளி அளப்பது அற்பமாகத் தெரியலாம். "எனக்கு எந்த அளவு வேண்டும்" என்ற கேள்வியிலிருந்து "என் சதை எதைத் தாங்கும்" என்ற கேள்விக்குப் பேச்சைத் திருப்பியது அந்தக் கிள்ளல்தான்.

2006 நவம்பரில் ஜெல் திரும்பி வந்தது, இந்த முறை பிடிப்போடு. 2012-13ல் வெட்டினாலும் வழியாத கெட்டி ஜெல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐரோப்பாவில் அது 1990களிலேயே வந்துவிட்டது. மென்று தின்னும் மிட்டாயின் பெயரைச் சூட்டி கம்மி பேர் என்று கூப்பிட்டார்கள். இதில் மடிப்பு மிகக் குறைவு. நெளிவின் கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. கெட்டி ஜெல்லில் வந்த கண்ணீர்த்துளி வடிவப் பை உள்ளே சுழன்றுவிட்டால் மார்பு கோணலாகும். சுழலாமல் இருக்க அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள்; சதை அதைப் பற்றிக்கொள்ளும். உறை இறுகுவதும் இதனால் குறையும் என்று எண்ணினார்கள். சொரசொரப்பு இன்னொரு வகை நெளிவைக் கொண்டுவந்தது: பை தன் எடையில் கீழே இறங்க, ஒட்டிக்கொண்ட தோல் கூடவே இழுபட்டு வரியாகும். அதைவிடப் பெரியது வேறொன்று. இம்ப்ளாண்டைச் சுற்றிய உறையில் தோன்றும் அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் 1997 முதலே மருத்துவ ஏடுகளில் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. 2011ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. சொரசொரப்பான பைகளோடு அதற்கு உள்ள தொடர்பு வலுத்தபடியே வர, 2019 ஜூலையில் அல்லர்கான் நிறுவனம் தன் பயோசெல் வகைப் பைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் பையை எடுக்கத் தேவையில்லை என்றுதான் நிர்வாகம் சொன்னது. ஆனாலும் பயம் பயம்தான். எடுக்கவும் மாற்றவும் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

இங்கேதான் இன்றைய மறு ஆபரேஷனின் சிக்கல் தொடங்குகிறது. பையோடு சேர்த்து உறையையும் முழுதாக எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். புற்றுநோய் உறுதியானவர்களுக்கு அது கட்டாயம். பெரும்பாலோர் அதிலேயே குணமாகிறார்கள். நோய் இல்லாதவர்களுக்கோ உறை, மேற்சதையின் உட்பக்கத்தில் ஒட்டிய ஒரு அடுக்கு. அதை உரித்தெடுத்தால் மேற்சதை இன்னும் மெலியும். விலா எலும்பை ஒட்டிய பகுதியில் உரிக்கும்போது நுரையீரலைச் சுற்றிய சவ்வு கிழியும் ஆபத்தும் உண்டு. முதல் பை பல ஆண்டு அழுத்தி மெலிதாக்கிய சதை, அதிலிருந்து உரித்த உறை, அதன் மேல் வழுவழுப்பான புதுப் பை: நெளிவு தெரிய இதைவிட ஏதுவான நிலை வேண்டுமா? முதல் ஆபரேஷனில் நெளிவே காணாத பெண்கள் மறு ஆபரேஷனுக்குப் பிறகு நெளிவோடு வருவது இதனால்தான். சர்ஜனின் கை பிசகியதாகவே இருக்க வேண்டியதில்லை.

மார்பகப் புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் எடுத்தவர்களுக்கு இது இன்னும் கடுமை. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது தோலும் அதனடியில் கொஞ்சம் கொழுப்பும்தான். முன்பெல்லாம் பையை முழுக்கத் தசைக்கு அடியில் செருகிவிடுவார்கள். கையை அசைத்தால் மார்பும் சேர்ந்து துள்ளும், வலிக்கும். அதனால் சுமார் பத்து ஆண்டுகளாகப் பலர் பையை மீண்டும் தசைக்கு மேலேயே வைக்கிறார்கள், 1962ல் வைத்த அதே தளத்தில். துள்ளல் போனது, நெளிவு கூடியது. செலவைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 1998ல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம், மார்பக அகற்றத்துக்குக் காசு தரும் காப்பீடு மீட்டுக் கட்டுவதற்கும் தர வேண்டும் என்கிறது. அழகுக்காகச் செய்துகொண்டவரின் நெளிவுக்கு அந்தச் சட்டம் இல்லை, அவர் கைக்காசுதான்.

இன்றைய சர்ஜனிடம் நெளிவுக்கு மூன்று நான்கு ஆயுதங்கள் உண்டு. பையின் தளத்தை மாற்றுவது ஒன்று: மேலே இருந்ததைத் தசைக்கு அடியில் தள்ளலாம். ஏற்கெனவே அடியில் இருந்தால், பழைய உறையைத் தசையிலிருந்து பிரித்து அதன் முன்னால் புது அறை கட்டலாம். உப்புநீரை எடுத்துவிட்டுக் கெட்டி ஜெல் வைக்கலாம், கூடவே அளவையும் குறைக்கலாம். அளவைக் குறைக்கச் சொல்லும் சர்ஜனிடம் எனக்கு மரியாதை அதிகம். அவர் வாடிக்கையாளருக்குப் பிடிக்காததைச் சொல்கிறார்.

அடுத்தது தோல் திசுத் தகடு. இறந்தவர்கள் தானமாகத் தந்த தோலிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ உயிரணுக்களை நீக்கி, வெறும் நார்ச்சட்டத்தை எடுத்துப் பைக்கும் மேற்சதைக்கும் நடுவே தைப்பார்கள். உடலின் ரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்து அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். நெளிவைத் திருத்த இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க சர்ஜன் டயன் டங்கன் 2001ல் எழுதினார். ஒரு தகடே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். நீர் கோத்துக்கொள்வது, தொற்று ஆகியவை சற்றே கூடலாம். மார்பகத்தில் பயன்படுத்துவதற்கென்று எந்தத் தகட்டுக்கும் தான் அனுமதி தரவில்லை என்பதை 2021ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நினைவூட்டியது. சர்ஜன்கள் தம் பொறுப்பில்தான் வைக்கிறார்கள்.

கடைசியாக, சொந்தக் கொழுப்பு. இதன் கதை சுவாரசியமானது. 1895ல் ஜெர்மனியின் ஹைடல்பர்கில் வின்சென்ஸ் செர்னி, ஒரு பெண்ணின் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அவர் மார்பில் வைத்தார். இம்ப்ளாண்டுக்கு 67 ஆண்டு மூத்த யோசனை அது. 1980களில் லைபோசக்‌ஷன் வந்ததும், உறிஞ்சிய கொழுப்பை மார்பில் ஊசியால் செலுத்தத் தொடங்கினார்கள். செத்துப்போகும் கொழுப்பு சுண்ணாம்புப் புள்ளியாகி மேமோகிராமில் புற்றுநோயோடு குழம்பும் என்று அஞ்சி, 1987ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் அதைக் கண்டித்தது. இருபது ஆண்டுக்கு மேல் அந்தக் கதவு மூடிக் கிடந்தது. ஸ்கேன் நுட்பம் வளர்ந்து, இரண்டுவகைப் புள்ளிகளையும் பிரித்துச் சொல்ல முடிந்தபின், 2009ல் சங்கத்தின் குழு தன் நிலையைத் தளர்த்தியது. இன்று வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை எடுத்துச் சுத்தம் செய்து, நெளியும் இடத்தில் தோலுக்கடியில் நூல் நூலாகச் செலுத்துகிறார்கள். எல்லாம் நிற்காது. பாதிக்குச் சற்று முன்பின்னாக நிலைக்கும், மீதியை உடல் கரைத்துக்கொள்ளும். அதனால் பலருக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும். நெளிவு அதிகம் வருவது ஒல்லியான பெண்களுக்கு. அவர்களிடம் எடுக்கக் கொழுப்பு இருக்காது என்பதுதான் இதிலுள்ள முரண்.

இத்தனை மாறியும் மாறாதது ஒன்று, புண் ஆறும் நாள்கணக்கு.

மேலோட்டமாகப் பார்த்தால் மாறியதாகத்தான் தெரியும். முன்பு சில நாள் மருத்துவமனையில் படுக்கை, நெஞ்சை இறுக்கிய பட்டைக் கட்டு, கையைத் தூக்காதே என்ற கட்டளை. இன்று பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். முதல் ஆபரேஷன் ஆனவரை மறுநாளே மெல்லக் கையைத் தூக்கச் சொல்பவர்களும் உண்டு. மறு ஆபரேஷனில் அந்த அவசரம் கூடாது. உள்ளே தகடு தைத்திருக்கிறது, அறையின் சுவரை நூலால் சுருக்கியிருக்கிறது. பல வாரங்கள் கனம் தூக்காமல் அதைக் காக்க வேண்டும். உறையை எடுத்தவர்களுக்குப் பக்கவாட்டில் டிரெயின் குழாய் தொங்கும். ஒரு நாளில் வடிவது 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்கள் என்பது பொதுவான கணக்கு. கம்பி வைத்த பிராவை ஆறு வாரம் தொடக் கூடாது. கொழுப்பு ஏற்றிய இடத்தை எதுவும் அழுத்தக் கூடாது. புது ரத்தக் குழாய் வரும்வரை அந்தக் கொழுப்பு பட்டினியில் கிடக்கிறது. புகைப்பவர்கள் ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பே விட வேண்டும். நிகோட்டின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், மெலிந்த தோல் அதைத் தாங்காது.

ஆனால் தையல் போட்ட தோலுக்கு ஆறு வாரத்தில் திரும்புவது பழைய வலுவில் சுமார் பாதிதான். மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கு. முழு வலு ஒருபோதும் திரும்பாது. சிவந்து தடித்த தழும்பு வெளுத்துத் தணிய ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகும். நம்முடைய மாநிறத் தோலில் தடித்த தழும்புக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால் சிலிகான் ஒட்டுத்தகடு முதலியவற்றை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். 1962லும் இதே கணக்குதான், இன்றும் இதே கணக்குதான்.

நெளிவைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு ஏமாற்றும். முதல் வாரங்களில் வீக்கம் இருக்கும். வீங்கிய சதை தடிமனாக இருப்பதால் வரி எதுவும் தெரியாது. பெண் மகிழ்ந்துபோவார். ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் வடியும், இறுகிய தசை இளகும், பை கீழே இறங்கி அமரும், ஏற்றிய கொழுப்பில் ஒரு பங்கு கரையும். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் வரிகள் தலைகாட்டுவது இதனால். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அப்போது தோன்றும். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது; மறைத்துவைத்த வீக்கம் போயிருக்கிறது, அவ்வளவே. சிலருக்கு நேர்மாறாக, தொடக்கத்தில் தெரிந்த வரி உறை அமைந்து சதை தளர்ந்தபின் மங்குவதும் உண்டு. ஆறு மாதத்துக்கு முன் இதுதான் முடிவான வடிவம் என்று சொல்ல நல்ல சர்ஜன் தயங்குவார். அவசரப்பட்டு அடுத்த ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், இன்னும் ஆறாத சதையை மறுபடி வெட்ட வேண்டிவரும், அது இன்னும் மெலியும். இதற்கிடையே உடல் எடையைச் சட்டென்று குறைத்தாலும் நெளிவு கூடும்; மேற்சதையில் முதலில் கரைவது கொழுப்புதானே.

காத்திருக்கக் கூடாதவை வேறு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்குவது, சிவந்து சூடாவது, காய்ச்சல், தையல் வாயில் நீரோ சீழோ வருவது: இவை அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. ஆபரேஷன் முடிந்து பல ஆண்டு கழித்து ஒரு மார்பு காரணமில்லாமல் பெருத்தால், உள்ளே சேர்ந்த நீரை எடுத்து அந்த நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சோதிக்க வேண்டும். நெளிவு தானாக இந்தப் பட்டியலில் வராது.

ஜெல்லும் தகடும் கொழுப்பும் மாறியதைவிட எனக்குப் பெரிதாகப் படும் மாற்றம் காகிதத்தில் நடந்தது. இந்தப் பை ஆயுளுக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பல ஆண்டுகள் பெண்கள் மேசையில் படுத்தார்கள். 2021 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முக்கியமாக மூன்று காரியம் செய்தது: பையின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை, ஒரு பட்டியலைப் பெண்ணோடு வரிவரியாகப் பார்த்துக் கையெழுத்திட வாய்ப்பு தரும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே பையை விற்கலாம் என்ற நிபந்தனை, ஜெல் பை உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஐந்தாறு ஆண்டில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்ற புதிய அட்டவணை. இது வாழ்நாள் பொருள் இல்லை, மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம் என்பது அந்தப் பட்டியலில் எழுத்தில் இருக்கிறது. அல்லர்கானின் பத்தாண்டு ஆய்வே சொல்வது இது: முதல்முறை பெரிதாக்கிக்கொண்டவர்களில் 36 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் ஆனது, ஏற்கெனவே மறு ஆபரேஷனாக வந்தவர்களிடம் அது 46 சதவீதம். ஒருமுறை திருத்தியவருக்கு இன்னொருமுறை திருத்தவேண்டிய வாய்ப்பு குறைவதில்லை, கூடுகிறது. முதல் நோயாளி லிண்ட்சியிடம் இதைச் சொல்ல அன்று யாரிடமும் எண்ணே இல்லை. இன்று எண் இருக்கிறது, சொல்லாமல் விடுவதற்குச் சாக்கு இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி என்று நினைக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவச மார்பகச் சீரமைப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. ஏழைக்கு எதற்கு அழகு சிகிச்சை என்று அப்போது விமர்சனம் எழுந்தது. கேட்கவேண்டிய கேள்வி அது இல்லை. பை வைத்துக்கொண்ட ஏழைப் பெண்ணுக்குப் பத்தாண்டு கழித்து நெளிவோ இறுக்கமோ உடைப்போ வந்தால் ஸ்கேனும் மறு ஆபரேஷனும் யார் கணக்கில் என்று கேட்டிருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் வைத்துக்கொண்ட நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கும் அதே கேள்விதான்.

அதனால் மறு ஆபரேஷனுக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் ஆபரேஷனின் முழுக் குறிப்பையும், பையின் நிறுவனம், வகை, அளவு, வரிசை எண் எழுதிய அட்டையையும் மருத்துவமனையிடம் கேட்டு வாங்குங்கள்; உங்களுக்கு உரிமை உள்ளவை அவை. புது சர்ஜனிடம் உங்கள் மேற்சதையைக் கிள்ளி அளந்து எத்தனை செ.மீ. என்று சொல்லச் சொல்லுங்கள். உறையை முழுதாக எடுப்பதற்கு உங்கள் விஷயத்தில் மருத்துவக் காரணம் உண்டா என்று கேளுங்கள். நெளிவு வந்தால் அடுத்து என்ன, எப்போது, எவ்வளவு செலவு என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சொல்ல நேரமில்லை என்பவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.